100, 80, 92: திருகோணமலை ஐஸ் அறையும் நாணய நிதியத்தின் கணக்கும்

ஐஸ் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. மின்சார பில்களை மாதவாரியாக அதில் குத்தி வைத்திருப்பார்கள். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து, பழைய பில்களில் நடுவே மஞ்சள் வட்டம் விழுந்திருக்கும். 2025 ஜூலையில் ஒருநாள் காலை கணக்கெழுதப் போயிருந்தேன். முதலாளி எனக்கு அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கட்டைக் கழற்றி மேசையில் போட்டார்.

"தம்பி, தை மாசம் 20 வீதம் குறைச்சாங்கள். இப்ப 15 கூட்டியிருக்கிறாங்கள். அப்ப இன்னும் 5 வீதம் எங்களுக்கு மிச்சம்தானே?"

"8 வீதம், மாமா." 100 ரூபா பில் 20 குறைந்து 80 ஆகிறது. 15 வீதம் கூடுவது அந்த 80இன் மேல்தான், அதாவது 12 ரூபா. மொத்தம் 92. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அடுத்த கேள்வியில் அது போய்விட்டது. "சரி, குறைச்சதை ஏன் திரும்பக் கூட்டினவங்கள்?"

சர்வதேச நாணய நிதியத்தோடு (IMF) கடனுக்காகச் செய்த உடன்பாடு என்றேன். "அமெரிக்காவில இருக்கிறவனுக்கு என்ர ஐஸ் எப்பிடித் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு மேசையடியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. திருகோணமலையில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். நாணய நிதியத்தின் அறிக்கைகளை வாசிப்பது எனக்குப் பழக்கம், நோய் என்றும் சொல்லலாம். ஆகவே இந்த ஒரு பில்லை எடுத்து அதன் வேர் எதுவரை ஓடுகிறது என்று பார்த்து எழுதி வைக்கிறேன்.

ஒரு பில்லின் மூன்று வருடம்

மாமாவின் ஐஸ் அறை பெரிய தொழிற்சாலை அல்ல. ஒரு அமோனியா கம்பிரஷர், உப்புத்தண்ணீர்த் தொட்டி, வரிசையாகத் தகர அச்சுகள். விடியப்புறம் படகு கரைக்கு வரும் நேரத்தில் பார் ஐஸ் தயாராக இருக்க வேண்டும். சூரை, பாரை, அறக்குளா எதுவானாலும் ஐஸ் இல்லாமல் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ லொறி ஏற முடியாது. இந்தத் தொழிலில் மூலப்பொருள் தண்ணீர். விலை என்று இருப்பது மின்சாரத்துக்குத்தான்.

2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது. அதற்கு முந்திய பல வருடங்கள் கூட்டாமலே தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். அந்த ஜூலையில் 14.2 வீதம் குறைந்தது, ஒக்டோபரில் 18 வீதம் ஏறியது. 2024 மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5 என்று இரண்டு வெட்டுகள். 2025 ஜனவரி 17இல் 20 வீத வெட்டு. ஜூன் 12இல் 15 வீத ஏற்றம். சராசரிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பார்த்தால் 2022 நடுவில் 100 ரூபாவாக இருந்தது உச்சத்தில் 294 வரை போய், 2025 ஜனவரியில் 142க்கு இறங்கி, ஜூனில் ஏறக்குறைய 164இல் வந்து நின்றது. இது பருமட்டான கணக்கு. வீடு, ஹோட்டல், தொழிற்சாலை என்று பிரிவுக்குப் பிரிவு வீதம் மாறும். தொழிற்துறைப் பிரிவுக்கு ஜனவரி வெட்டு சராசரியைவிடப் பெரியதாகவே இருந்தது. ஆனாலும் பாதையின் வடிவம் அதுதான்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு மாமா கண்ட வழி நேரத்தை மாற்றுவது. அவருடைய கட்டணப் பிரிவில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேர விலை. இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு. ஆகவே மாலை மணி அடித்ததுபோல் கம்பிரஷரை நிறுத்துவார். தொட்டியில் இருக்கும் குளிர் அந்த 4 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். 10.30க்கு மோட்டர்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத்தான் போடுவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் அந்தச் சில நிமிட உச்சக் கேவிஏ, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமை, முழு மாதத்துக்கும் பில்லில் ஏறிவிடும். ஒருமுறை புதிதாக வந்த பெடியன் அப்படிப் போட்டுவிட்டான். அந்த மாத பில் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது, சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு.

கண்காணிப்பு என்பது எது

நாணய நிதியம் நாட்டைப் பார்க்கும் பார்வை இரண்டு வகை. ஒன்று எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உரியது. நிதியத்தின் உடன்படிக்கையில் 4ஆம் உறுப்புரையின்படி பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து கணக்குப் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். கடன் வாங்காத ஜேர்மனிக்கும் ஜப்பானுக்கும்கூட இது உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். இலங்கை 1950இல் உறுப்பினரானது. அன்றிலிருந்து எத்தனையோ அறிக்கைகள் வந்து அலுமாரியில் தூங்கியிருக்கும்.

இரண்டாவது வகை, கடன் வாங்கிய நாட்டுக்கு. இங்கே அறிக்கைக்குப் பின்னால் காசு நிற்கிறது. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. 2019 இறுதியில் வற் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கியது, கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி, ரூபாவைச் செயற்கையாகப் பிடித்து வைத்தது எல்லாம் சேர்ந்து, 2021இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 வீதத்துக்கும் கீழே போயிருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டி 69.8 வீதப் பணவீக்கம் காட்டியது. திருகோணமலைக்கு அதைவிட உறைத்தது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா. சின்னப் படகு எஞ்சின் அதில்தான் ஓடுகிறது. அந்த வாரம் கரையில் இழுத்துப் போட்ட படகுகளைப் பார்த்தவர்களுக்கு பணவீக்கம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2023 மார்ச் 20இல் நிதியத்தின் நிறைவேற்றுச் சபை 48 மாதத் திட்டம் ஒன்றுக்குச் சம்மதித்தது. ஏறக்குறைய 300 கோடி டொலர். அது ஒரேயடியாக வராது. முதலில் ஒரு தவணை, பிறகு அரை வருடத்துக்கு ஒரு மீளாய்வு, தேறினால் அடுத்தது. ஒவ்வொரு தவணையும் 25.4 கோடி சிறப்பு எடுப்பனவு உரிமை, அதாவது நிதியம் தன் கணக்குக்கு வைத்திருக்கும் அலகு. டொலர் கணக்கில் 33.3 கோடி, 33.7, 33.6, 33.4, 35 என்று வந்தது நாணய மாற்று விகிதத்தின் ஆட்டம். பத்திரிகையில் "இம்முறை கூடக் கிடைத்தது" என்று தலைப்புப் போட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மீளாய்வுக்கு வரும் குழுவின் கையில் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் ஒரே கனம் உள்ளவை அல்ல. இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். சில, எண்ணில் எழுதிய கட்டாய நிபந்தனைகள். முதன்மை மிகை (வட்டியை ஒதுக்கிவிட்டு அரசின் வரவு செலவைப் பார்த்தால் மிஞ்சுவது) இவ்வளவு, வெளிநாட்டு ஒதுக்கு இவ்வளவு என்று இருக்கும். தவறினால் சபையிடம் விலக்களிப்புக் கேட்க வேண்டும். சில, சட்டம் கொண்டுவருவது, அறிக்கை வெளியிடுவது போன்ற கட்டமைப்பு வேலைகள். சில, வெறும் சுட்டு இலக்குகள். அவை தவறினால் அறிக்கையில் ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். இவை எல்லாவற்றுக்கும் மேலே முன்நடவடிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்து முடித்தால்தான் சபை கூடும். செய்யாவிட்டால் கூட்டமே இல்லை.

ஜனவரியிலிருந்து ஜூலை வரை

இனி மாமாவின் பில்லுக்கு வருவோம். மின்சாரத்தை அடக்க விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்பது திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ள விதி. காரணம் நியாயமானது. மின்சார சபை நட்டப்பட்டால் அது அரச வங்கியிடம் கடன் வாங்கும், எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்குக் காசு வைக்கும், கடைசியில் திறைசேரி பொறுப்பெடுக்கும். வரவு செலவுத் திட்டத்தில் தெரியாத ஓட்டை அது. 2023இலும் 2024இலும் சபை லாபம் காட்டியது. 2024 கடைசியில் சபையே "அடுத்த 6 மாதத்துக்குக் கட்டணத்தை மாற்ற வேண்டாம்" என்றுதான் முன்மொழிந்தது. கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை ஏற்காமல் 20 வீதம் வெட்டியது. மக்கள் கைதட்டினார்கள். நானும்தான். ஐஸ் அறையில் அன்றைக்குப் பிளேன்ரீயோடு வடையும் வந்தது.

2025 பெப்ரவரி 28இல் 3ஆம் மீளாய்வு முடிந்து தவணை வந்தது. ஏப்ரல் 25இல் 4ஆம் மீளாய்வுக்கான அலுவலர் மட்ட உடன்பாட்டை (நிறைவேற்றுச் சபைக்குப் போக முன் அலுவலர்கள் எட்டுவது) அறிவித்தபோது, மின்சார விலையை மீண்டும் அடக்க விலைக்குக் கொண்டுவருவதும், விலையைத் தானாகத் திருத்தும் பொறிமுறையை ஒழுங்காக ஓடவைப்பதும் முன்நடவடிக்கைகளாக நின்றன. அடுத்த மாதம் மின்சார சபை 18.3 வீத உயர்வு கேட்டது. ஆணைக்குழு பொதுமக்கள் கருத்துக் கேட்டு 15 வீதம் கொடுத்தது. அது ஜூன் 12இல் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 1இல் நிறைவேற்றுச் சபை கூடி 35 கோடி டொலரை விடுவித்தது.

திகதிகளை ஒரு வரிசையில் எழுதிப் பார்த்தபோது எனக்கு இரண்டு விஷயம் பட்டது. "நிதியம்தான் கரண்டைக் கூட்டச் சொன்னது" என்ற சந்தைப் பேச்சு பாதி உண்மை. 15 என்ற எண்ணை வொஷிங்டன் எழுதவில்லை. அடக்க விலைக்கு வா என்றது, எண்ணை இங்கே போட்டார்கள். மறுபக்கம், ஆணைக்குழு சுயாதீனமானது, தன் விருப்பில் முடிவெடுத்தது என்பதும் பாதி உண்மைதான். ஏப்ரல் கடைசிக்கும் ஜூலை முதலாம் திகதிக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்த முறை "மாற்றமில்லை" என்று சொல்லும் சுதந்திரம் அந்த ஆணைக்குழுவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

என் கணிப்பில் பிழை ஜூனில் நடந்தது அல்ல, ஜனவரியில் நடந்தது. சேர்ந்திருந்த லாபத்தையும் நீர்மின்சாரம் தந்த நல்ல மழையையும் நம்பி விலையை அடக்கத்துக்குக் கீழே இறக்கினார்கள். சராசரி 5, 6 வீதம் குறைத்து அப்படியே பிடித்திருந்தால் மாமாவுக்கு வருடம் முழுவதும் ஒரே விலை. அவருக்கு வேண்டியது மலிவு விலையைவிட நிற்கிற விலை. ஜனவரி வெட்டை நம்பி பெப்ரவரியில் பார் ஐஸின் விலையைக் குறைத்தார். ஜூலையில் கூட்டப் போனபோது சம்மாட்டிமார், அதாவது படகு முதலாளிகள், சண்டைக்கு வந்தார்கள். ஒரு கிழமை இழுபறி. கடைசியில் கூட்டிய காசு எங்கே போய் விழுந்தது தெரியுமா? மீன் நிறுக்கும் இடத்தில், "ஐஸ் காசு கழிச்சு" என்று ஒரு சொல்லில், வலை இழுத்தவனின் பங்கில்.

தவறிய இலக்கு

3ஆம் மீளாய்வு அறிக்கையில் ஒரு வரி என் கண்ணில் முள்ளாய்க் குத்தியது. 2024 டிசெம்பர் இறுதிக்கான எல்லா எண் இலக்குகளும் எட்டப்பட்டன, சமூகச் செலவு பற்றிய சுட்டு இலக்கைத் தவிர. பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 2ஆம் மீளாய்வில், 2023 டிசெம்பருக்கும் அதே கதை. சின்னக் குறைவு என்று எழுதியிருக்கிறது, ஆனால் குறைந்தது அதே இலக்குத்தான்.

அதே 2024இல் முதன்மை மிகை எப்படி? இலக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 வீதம். கிடைத்தது ஏறக்குறைய 2.2 வீதம். கேட்டதற்கு இரண்டு மடங்கு சேமித்த வருடத்தில், ஏழைக்கு ஒதுக்கிய காசு முழுதாகப் போய்ச் சேரவில்லை. முதலாவது கட்டாய நிபந்தனை, இரண்டாவது சுட்டு இலக்கு. திறைசேரியில் இருப்பவர் எதில் கண்ணாக இருப்பார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நானும் ஒரு முதலாளிக்குக் கணக்குக் காட்டும்போது அவர் எதைக் கேட்பாரோ அதைத்தான் முதலில் சரிபார்ப்பேன்.

காசு இல்லாமல் போனதால் மட்டும் வந்த குறை அல்ல இது. அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டத்தில் குடும்பங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து தெரிவு செய்கிறார்கள். 2023இல் தொடங்கியபோது நான்கு வகுப்பு: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2025 ஜனவரியிலிருந்து மேல் இரண்டும் 10,000, 17,500 ஆகின. தாளில் ஒழுங்கான திட்டம். அதற்கு முந்திய உதவித் திட்டமான சமுர்த்தியில் கட்சி அட்டையைப் பார்த்துப் பெயர் சேர்த்த காலத்தை நினைத்தால் முன்னேற்றம் என்றும் சொல்வேன். ஆனால் விண்ணப்பம், மேன்முறையீடு, வீட்டுக்கு வந்து பார்ப்பது, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்ந்துபோகிறது.

ஐஸ் அறைக்கு வெளியே மீன் வெட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். முதல் பட்டியலில் பெயர் வரவில்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். வீட்டுச் சுவர் கல் என்பதால் புள்ளி குறைந்திருக்கலாம் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். அந்தக் கல்வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. "அலை கொண்டுபோகாட்டி எனக்குக் காசு கிடைச்சிருக்கும் போல, தம்பி" என்றார், மீன் செதில் ஒட்டிய கையை இடுப்புத் துணியில் துடைத்தபடி. பெயர் பிறகு சேர்ந்தது, பல மாதம் கழித்து. கிடைக்காத அந்த மாதங்களின் காசுதான், ஆயிரம் ஆயிரம் வீடுகளில் சேர்ந்து, அறிக்கையில் "எட்டப்படவில்லை" என்று ஒரு வரியாக நிற்கிறது.

அவருடைய வீட்டு பில்லும் ஜூன் 12இலிருந்து கூடியது. அந்தக் கட்டணத்துக்கு ஒரு திகதி இருந்தது. அது பிந்தினால் 35 கோடி டொலர் பிந்தும். அவருடைய உதவிக் காசு பிந்தினால் எந்தத் தவணையும் பிந்தவில்லை. நிதியத்தின் அலுவலர்கள் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லவில்லை. சமூகச் செலவுக்கு இலக்கு வைத்ததே அவர்கள்தான், தவறியதை மறைக்காமல் எழுதியதும் அவர்கள்தான். இங்கே எந்த வரவு செலவு விவாதத்திலும் அந்த வரியை இவ்வளவு வெளிப்படையாக நான் கேட்டதில்லை. என் குறை ஒன்றுதான். மின்சார விலைக்குக் கொடுத்த பூட்டை இதற்கும் கொடுத்திருக்கலாம். உதவி போய்ச் சேர்ந்த பிறகு விலையை ஏற்று என்று வரிசையை மாற்றியிருக்கலாம்.

பூட்டிய லாச்சி

ஜூலை 1 கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது, தமிழ்ப் பத்திரிகைகளில் நான் அதிகம் காணவில்லை. அரசு கொடுக்காமல் வைத்திருந்த நிலுவைச் செலவுகள் பற்றி இலங்கை முன்பு அனுப்பிய தரவு பிழையானது என்று சபை முடிவு செய்தது. சரியான எண் தெரிந்திருந்தால் முந்திய தவணைகளில் நிபந்தனை மீறப்பட்டது என்றே கொள்ள வேண்டியிருந்திருக்கும். சபை விலக்களிப்புக் கொடுத்து மேலே போனது.

எனக்கு இது புதினமாக இல்லை. கடைக்காரர் சிலர் கொடுக்க வேண்டிய பில்லை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டு, "இந்த மாசம் நல்ல லாபம்" என்பார்கள். சரக்குக் கொடுத்தவன் வாசலுக்கு வரும்வரை அது லாபம்தான். அரசாங்கக் கணக்கிலும் காசு கையை விட்டுப் போனால்தான் செலவு என்று எழுதினால், கொடுக்காதது எல்லாம் சேமிப்பாகத் தெரியும். ஒப்பந்த வேலை முடித்துவிட்டுக் காசுக்கு அலைந்த ஆட்களை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு கூர்மையானவர் என்றாலும் லாச்சியைத் திறந்து காட்டுவது வீட்டுக்காரர்தான்.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாமாவுக்குச் சொன்னேன். 6.30க்குக் கம்பிரஷரை நிறுத்திய பிறகு அறை அமைதியாகிவிடும், பேசலாம். முழுவதும் கேட்டார். முன்நடவடிக்கை என்பதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். "அச்சாரம் மாதிரி," என்றார். "இல்லை மாமா, அச்சாரம் வாங்குறவன் கொடுக்கிறது. இங்க கடன் கேட்கிறவன் கொடுக்கிறான்." யோசித்துவிட்டு, "அப்ப அது சீதனம்" என்றார்.

சுவரில் தொங்கும் கலண்டரில் நிலவு காலத்தை அவர் நீல மையால் அடித்து வைத்திருப்பார். அந்த இரவுகளில் வலைக்குப் போகிறவர்கள் குறைவு, ஐஸும் குறைவாகத்தான் போகும். நாணய நிதியக் குழு அடுத்ததாக எப்போது வரும் என்று கேட்டார். அரை வருடத்துக்கு ஒரு மீளாய்வு, எப்படியும் வருடம் முடிய முன் வருவார்கள் என்றேன். கலண்டரைப் புரட்டி, செப்டெம்பர், ஒக்டோபர் தாள்களின் மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பார் ஐஸின் விலையை அதற்குள் குறைக்கப் போவதில்லையாம்.